இத்தாலிய மொழியின் எதிர்காலம்: ‘ஒழுங்கற்ற’ வினைகளில் உண்மையில் மாறுவது எது?

2020 மார்ச்சில் இத்தாலி முழுவதும் ஊரடங்கில் இருந்தபோது, வீடுகளின் மாடி முகப்புகளில் வானவில் படத்தோடு ஒரு வாசகம் தொங்கியது: ‘அந்த்ரா தூத்தொ பேனெ’. ‘எல்லாம் நல்லபடியாக நடக்கும்’ என்பது அதன் பொருள். மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு அந்த வாசகத்தின் முதற்சொல்லே தடையாக நிற்கும். ‘போ’ என்னும் பொருளுடைய வினை ‘அந்தாரெ’. பாடநூல் முதலில் சொல்லித்தரும் விதிப்படி அதன் எதிர்காலம் ‘அந்தெரா’ என்று வர வேண்டும். நாடு முழுவதும் எழுதிவைத்ததோ ‘அந்த்ரா’. இடையிலிருந்த ஓர் உயிரெழுத்து காணாமற் போயிருக்கிறது.

இத்தகைய வினைகளைப் பாடநூல்கள் ‘ஒழுங்கற்றவை’ என்று ஒரு பட்டியலில் தொகுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகின்றன. இது வீண் சுமை. பகுதி, விகுதி, இடைநிலை, விகாரம் என்று ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பள்ளியிலேயே பழகிய தமிழ் வாசகருக்கு, இந்தப் பட்டியல் ஏறக்குறைய முழுவதையும் காரணத்தோடு விளக்கிவிட முடியும்.

படிக்கும் முன் ஓர் ஒலிக்குறிப்பு

இக்கட்டுரையில் இத்தாலியச் சொற்களில் நெடில் வரும் இடம், குரலின் அழுத்தம் விழும் இடத்தைக் காட்டும். மற்ற உயிர்களைக் குறுக்கியே ஒலிக்க வேண்டும். ‘ர்ர’ என்பதை ‘ற்ற’ என்று படிக்காமல், நாக்கை அதிரவிட்டு இரட்டித்து ஒலிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி வடிவம் இல்லாததால் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும்: ‘பொதேரெ’ (இயல்) என்பதிலுள்ள தகரம் ‘பத்து’ என்பதில் வருவது போன்றது, ‘வெதேரெ’ (பார்) என்பதிலுள்ள தகரம் ‘பந்து’ என்பதில் வருவது போன்றது.

அடிப்படை: ஆறு விகுதிகள், ஒரு ரகரம்

இத்தாலிய வினைகள் அகராதியில் ‘ஆரெ’, ‘ஏரெ’, ‘ஈரெ’ ஆகிய மூன்று முடிவுகளில் ஒன்றைக் கொண்டிருக்கும். ‘பர்லாரெ’ (பேசு), ‘தெமேரெ’ (அஞ்சு), ‘தொர்மீரெ’ (உறங்கு) என்பவை எடுத்துக்காட்டுகள். இரண்டாம் வகையில் ‘க்ரேதெரெ’ (நம்பு) போல அழுத்தம் முன்னுக்குத் தள்ளி விழும் வினைகளும் உண்டு. எதிர்காலம் அமைக்க, இறுதி எகரத்தை நீக்கிவிட்டு, எஞ்சிய ரகரத்தின் மேல் இடத்திற்கும் எண்ணிற்கும் உரிய விகுதியைச் சேர்க்க வேண்டும்.

1. நான்: ஓ — பர்லெரோ (பேசுவேன்)
2. நீ: ஆய் — பர்லெராய்
3. அவன், அவள்: ஆ — பர்லெரா
4. நாம்: ஏமொ — பர்லெரேமொ
5. நீங்கள்: ஏதெ — பர்லெரேதெ
6. அவர்கள்: ஆன்னொ — பர்லெரான்னொ

‘பர்லாரெ’ என்பதன் அகரம் ‘பர்லெரோ’ என்பதில் எகரமாகியிருப்பதைக் கவனிக்கலாம். இது ஃபுளோரன்ஸ் நகரப் பேச்சின் வழக்கம். அருகிலுள்ள சியெனாவின் பழைய பேச்சில் ‘பர்லரோ’ என்று அகரமே நின்றது. பொதுமொழி ஃபுளோரன்ஸ் வழக்கை அடிப்படையாகக் கொண்டதால் எகரம் நிலைபெற்றது.

தமிழில் ‘செய்வேன்’ என்பது செய் + வ் + ஏன் என்று பிரிவதைப் போல, ‘பர்லெரோ’ என்பதைப் பர்லெ + ர் + ஓ என்று பிரித்துக் காணலாம். வரலாற்றின்படி அந்த ரகரம் அகராதி வடிவத்தின் எச்சமே. ஆயினும் இன்றைய மொழியில் அது எதிர்கால இடைநிலையின் வேலையையே செய்கிறது. இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து இந்தப் பிரிப்பிலேயே அடங்கியிருக்கிறது: எதிர்காலத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு ஒழுங்கற்றதாகத் தோன்றும் இத்தாலிய வினையிலும் இந்த ரகரமும் இந்த ஆறு விகுதிகளும் மாறுவதே இல்லை. மாற்றம் முழுவதும் ரகரத்திற்கு முன்னால், பகுதிக்குள் நிகழ்கிறது.

விகுதிகள் எங்கிருந்து வந்தன?

பகுதி ஏன் மாறுகிறது என்பதற்கு விடை, விகுதிகளின் பிறப்பில் இருக்கிறது. இத்தாலிய மொழிக்குத் தாயான இலத்தீனில் எதிர்காலத்திற்கு வேறு வடிவம் இருந்தது. ‘நேசிப்பான்’ என்பது ‘அமாபித்’. ‘நேசித்தான்’ என்பது ‘அமாவித்’. உயிர்களுக்கிடையே நின்ற பகரம் மக்கள் பேச்சில் வகரமாக நெகிழ்ந்தபோது, இவ்விரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. நடந்ததையும் நடக்கப்போவதையும் பிரித்துக் காட்டாத ஒரு காலக்குறி நெடுநாள் நிலைக்க முடியாது.

அதற்கு ஈடாக மக்கள் ஒரு சுற்றுவழியைக் கையாண்டார்கள். வினையின் அகராதி வடிவத்திற்குப் பின்னால் ‘உடையேன்’ என்னும் பொருளுள்ள வினையைச் சேர்த்தார்கள். ‘பாடுதல் உடையேன்’ என்பது ‘பாட வேண்டியிருக்கிறது’ என்றாகி, பின் ‘பாடுவேன்’ என்றாயிற்று. நாளடைவில் இரு சொற்களும் ஒட்டி ஒரே சொல்லாயின. இந்தப் புதிய வடிவத்திற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஃப்ரெதேகார் என்னும் பெயரால் வழங்கும் 7ஆம் நூற்றாண்டின் வரலாற்று நூலில் இருக்கிறது. பாரசீக மன்னன் பழைய இலத்தீன் வடிவில் ‘கொடுக்கமாட்டேன்’ என்று சொல்ல, பேரரசர் ஜஸ்டினியன் ‘தராஸ்’, அதாவது ‘கொடுப்பாய்’ என்று விடையளிப்பதாக அக்கதை செல்கிறது. ஒரே உரையாடலில் சாகும் வடிவமும் பிறக்கும் வடிவமும் எதிரெதிரே நிற்கின்றன.

இன்றைய இத்தாலியில் ‘உடைமை’ வினையான ‘அவேரெ’ நிகழ்காலத்தில் இவ்வாறு வருகிறது: ஓ, ஆய், ஆ, அப்பியாமொ, அவேதெ, ஆன்னொ. மேலே தந்த ஆறு விகுதிகளோடு இவற்றை ஒப்பிட்டால் ஒற்றுமை கண்ணுக்கே தெரியும். நான்காவது மட்டும் விலகியிருக்கிறது. அதற்குப் பழைய வடிவம் ‘அவேமொ’ என்பதால் அந்த விலகலும் தீர்ந்துவிடுகிறது. எனவே எதிர்கால விகுதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை; ‘என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு அவை முன்பே தெரிந்தவை.

சொல்லின் பின்பாதி ஒரு காலத்தில் தனிவினையாக இருந்தமையால், குரலின் அழுத்தம் அதன் மேலேயே விழுகிறது. அழுத்தம் பின்னுக்குப் போனதும், ரகரத்திற்கு முன்னால் நின்ற உயிர் வலுவிழந்தது. அடிக்கடி வாயில் புழங்கும் வினைகளில் அந்த உயிர் தேய்ந்து மறைந்தே போயிற்று. ‘ஒழுங்கின்மை’ என்று நாம் அழைப்பது இந்தத் தேய்வைத்தான்.

பகுதி தேயும் வழிகள்

தோன்றல், திரிதல், கெடுதல் என்று தமிழ் இலக்கணம் விகாரத்தை மூன்றாகப் பகுக்கிறது. இத்தாலிய எதிர்காலத்தில் நிகழ்வன பின்னிரண்டுமே.

1. கெடுதல். ரகரத்திற்கு முன்னுள்ள உயிர் மறைகிறது. வேறு மாற்றம் இல்லை. அந்தாரெ (போ) அந்த்ரோ ஆகிறது. அவேரெ (உடைத்தாயிரு) அவ்ரோ, வெதேரெ (பார்) வெத்ரோ, ஸபேரெ (அறி) ஸப்ரோ, பொதேரெ (இயல்) பொத்ரோ, தொவேரெ (கடமைப்படு) தொவ்ரோ, கதேரெ (விழு) கத்ரோ, வீவெரெ (வாழ்) விவ்ரோ என வருகின்றன. ‘கி விவ்ரா, வெத்ரா’ என்று இத்தாலியில் ஒரு பழமொழி உண்டு. ‘உயிரோடு இருப்பவர் காண்பார்’ என்பது அதன் பொருள். இவ்வகையின் இரண்டு வினைகள் அதில் அடுத்தடுத்து நிற்பதால், நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்பாடு கிடைக்காது.

2. கெடுதலும் திரிதலும். உயிர் மறைந்தபின் ரகரத்தோடு மோதும் மெய் னகரமாகவோ லகரமாகவோ இருந்தால், அதுவும் ரகரமாகத் திரிந்துவிடுகிறது. வெனீரெ (வா) என்பதில் ஈகாரம் கெட்டு ‘வென்ரோ’ ஆகி, பின் ‘வெர்ரோ’ ஆயிற்று. தெனேரெ (பிடித்திரு) தெர்ரோ, ரிமனேரெ (தங்கு) ரிமர்ரோ, வொலேரெ (விரும்பு) வொர்ரோ, வலேரெ (மதிப்புடைத்தாயிரு) வர்ரோ என்பவையும் இவ்வாறே. பேரெ (குடி) என்னும் வினையின் பழைய வடிவம் ‘பேவெரெ’. ‘அவ்ரோ’, ‘விவ்ரோ’ போலன்றி, இதில் வகரமும் திரிந்து ‘பெர்ரோ’ வருகிறது. தமிழர்க்கு இதில் வியப்பு இருக்க முடியாது. நில் + ப் + ஏன் என்பது ‘நிற்பேன்’ என்றும், கேள் + ப் + ஏன் என்பது ‘கேட்பேன்’ என்றும் ஆகும்போது, பகுதியின் ஈற்று மெய் தன்னை அடுத்து வரும் மெய்க்கு இணங்கித்தான் திரிகிறது. ‘நிற்பேன்’ என்பதை யாரும் ஒழுங்கற்ற வினை என்பதில்லை.

தோன்றல் இத்தாலியில் நிகழாவிட்டாலும், பக்கத்து மொழியான ஸ்பானியத்தில் நிகழ்ந்தது. அதே ‘ன்ர’ என்னும் மோதலைத் தீர்க்க, ஸ்பானியர் இடையே ஒரு தகரத்தைப் புகுத்தி ‘வெந்த்ரே’ என்றார்கள். ஒரே இலத்தீன் வினை, ஒரே இடர்ப்பாடு, ஒரு மொழி திரிதலாலும் மற்றொன்று தோன்றலாலும் அதைக் கடந்திருக்கின்றன.

3. அகரம் காத்தவை. தாரெ (கொடு), ஃபாரெ (செய்), ஸ்தாரெ (நில், இரு) ஆகிய மூன்றும் மிகக் குறுகிய பகுதியுடையவை. இவற்றின் உயிர் கெடுவதும் இல்லை, எகரமாவதும் இல்லை: தரோ, ஃபரோ, ஸ்தரோ. ஆனால் ‘தாரெ’, ‘ஸ்தாரெ’ என்று முடியும் நீண்ட வினைகளை இவற்றோடு குழப்பக் கூடாது. ரெஸ்தாரெ (தங்கு) ‘ரெஸ்தெரோ’ என்றும், குவர்தாரெ (நோக்கு) ‘குவர்தெரோ’ என்றும் பொதுவிதிப்படியே வருகின்றன.

4. ‘இரு’ என்னும் வினை. ஏஸ்ஸெரெ என்பதன் எதிர்காலம் ஸரோ, ஸராய், ஸரா, ஸரேமொ, ஸரேதெ, ஸரான்னொ. இங்கே சொல்லின் முதல் அசையே மறைந்திருக்கிறது. இதைத் தனியாகக் கற்றுத்தான் ஆக வேண்டும். விகுதிகள் மட்டும் இதிலும் பிறழவில்லை.

கூட்டுவினைகள் பெரும்பாலும் தாய்வினையின் வழியிலேயே செல்கின்றன. ‘தெனேரெ’ என்பதிலிருந்து வந்த மந்தெனேரெ (நிலைநிறுத்து) ‘மந்தெர்ரோ’ ஆகும். ‘வெனீரெ’ என்பதிலிருந்து வந்த இந்தெர்வெனீரெ (தலையிடு) ‘இந்தெர்வெர்ரோ’ ஆகும். ஒரு முக்கியமான விலக்கு, ப்ரெவெதேரெ (முன்கூட்டிக் காண்) என்பது. தாய்வினை ‘வெத்ரோ’ என்றிருக்க, இது பெரும்பாலும் ‘ப்ரெவெதெரோ’ என்றே எழுதப்படுகிறது.

எல்லா வினைகளிலும் இந்தத் தேய்வு ஏன் நிகழவில்லை என்று கேட்கலாம். ‘அந்த்ரோ’ என்று சொல்லும் நாக்கு, ப்ரேந்தெரெ (எடு) என்பதை ‘ப்ரெந்த்ரோ’ என்றும் சொல்லிவிடும். ஆனால் மொழி ‘ப்ரெந்தெரோ’ என்பதையே வைத்துக்கொண்டது. ஃபுளோரன்ஸ் அமைந்துள்ள தஸ்கானிப் பகுதியின் பழைய பேச்சில் ‘அந்தெரோ’ என்னும் முழுவடிவம்கூட வழங்கியது. ஆகவே ஒலி எளிமை தேய்வுக்கு வழிவிடுமே தவிர, எங்கே நிற்க வேண்டும் என்பதை வழக்குத்தான் முடிவு செய்கிறது. விதியால் விளக்க முடிவது இதுவரைதான்.

ஒழுங்கற்றவை போலத் தோன்றி, விதிக்கு உட்பட்டவை

நிகழ்காலத்தில் முறைதவறும் வினைகள் எதிர்காலத்திலும் தவறும் என்று அஞ்சுவது கற்போரின் வழக்கம். அந்த அச்சம் பல இடங்களில் தேவையற்றது. உஷீரெ (வெளியே போ) நிகழ்காலத்தில் ‘ஏஸ்கொ’ என்று முகமே மாறிவிடும். எதிர்காலத்தில் சாதுவாக ‘உஷிரோ’ என்று நிற்கும். கபீரெ (புரிந்துகொள்) ‘கபீஸ்கொ’ என்று வளர்ந்தாலும் எதிர்காலம் ‘கபிரோ’ மட்டுமே. ஸலீரெ (ஏறு), தீரெ (சொல்) ஆகியவையும் ‘ஸலிரோ’, ‘திரோ’ என்றே வரும். போர்ரெ (வை), த்ரதூர்ரெ (மொழிபெயர்) போன்றவற்றின் இரட்டை ரகரமும் புதிதாக வந்ததன்று. அகராதி வடிவத்திலேயே அது இருக்கிறது.

இன்னொரு குழு, எழுத்தில் மட்டும் மாறுவது. பகாரெ (பணம் செலுத்து) ‘பகெரோ’ ஆகும்போது இத்தாலிய எழுத்தில் ஒரு ஹெச் நுழைகிறது. ககர ஒலி ஜகரமாகிவிடாமல் காப்பதே அதன் வேலை. மஞ்ஜாரெ (உண்) ‘மஞ்ஜெரோ’ ஆகும்போது தேவையற்றுப் போன ஓர் ஐ எழுத்து விழுகிறது. காதுக்கு இவை இரண்டும் முற்றிலும் ஒழுங்கானவை. கடன் உறுதிச் சீட்டுக்கே இத்தாலியில் ‘பகெரோ’ என்றுதான் பெயர்; ‘செலுத்துவேன்’ என்னும் வினைமுற்று அப்படியே ஒரு பத்திரத்தின் பெயராகிவிட்டது.

அழுத்தமும் இரட்டிப்பும் தவறினால்

எதிர்காலத்தின் ஒருமை வடிவங்களில் தன்மைக்கும் படர்க்கைக்கும் இறுதி உயிரின்மேல் எழுத்திலும் ஒரு குறி இட வேண்டும். அதை விட்டால் சொல் வேறாகிவிடும். ‘ஃபரோ’ என்பது ‘செய்வேன்’. ‘ஃபாரொ’ என்பது கலங்கரை விளக்கம். ‘தெர்ரா’ என்பது ‘பிடித்திருப்பான்’. ‘தேர்ர’ என்பது நிலம். ‘பொர்ரோ’ என்பது ‘வைப்பேன்’. ‘போர்ரொ’ என்பது சமையலில் சேர்க்கும் ஒருவகை வெங்காயத்தண்டு. ‘அந்த்ரோ’, ‘அந்தோ’ ஆகிய இரண்டிலும் அழுத்தம் ஈற்றிலேயே விழுந்தாலும், முன்னது ‘போவேன்’, பின்னது ‘போனான்’. ஒரு ரகரம் காலத்தையும் இடத்தையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது.

இதைவிட நுட்பமானது மகர இரட்டிப்பு. ‘அந்த்ரேமொ’ என்றால் ‘போவோம்’. ‘அந்த்ரேம்மொ’ என்றால் ‘வாய்ப்பிருந்தால் போவோம்’ என்னும் நிபந்தனைப் பொருள். ‘படு’, ‘பட்டு’ என்பவற்றைப் பிரித்துக் கேட்கும் காது இதையும் பிரித்துக் கேட்கும்; இரட்டிப்பைப் பொருட்படுத்தாத மொழிகளிலிருந்து வருவோருக்கே இது பெரும்பாடு.

அந்த நிபந்தனை வடிவம், எதிர்காலத்தின் அதே தேய்ந்த பகுதியின்மேல்தான் எழுகிறது. பின்னொட்டு மட்டும் ‘அவேரெ’ வினையின் இறந்தகாலத்திலிருந்து வந்தது. காப்பிக்கடையில் முதல் நாளே கற்றுக்கொள்ளும் ‘வொர்ரேய் ஊன் கஃப்பே’ (ஒரு காப்பி வேண்டும்) என்னும் பணிவான தொடரில், ‘வொர்ரோ’ என்பதன் பகுதி அப்படியே இருக்கிறது. ஒன்றைக் கற்றால் மற்றது இனாமாகக் கிடைக்கும்.

எதிர்காலத்தைக் குறிக்காத எதிர்காலம்

வடிவம் தெரிந்தபின் பயன்பாடு. அன்றாடப் பேச்சில், நாள் குறித்துவிட்ட செயலுக்கு இத்தாலியர் நிகழ்காலத்தையே போதுமானதாகக் கருதுகிறார்கள்: ‘தொமானி வாதொ அ ரோம’, அதாவது ‘நாளை ரோமுக்குப் போகிறேன்’. தமிழிலும் இதுவே வழக்கம். நிபந்தனையின் இரு பக்கங்களிலும் எதிர்காலம் வருவது மட்டும் நமக்குப் புதிது: ‘ஸெ பியொவெரா, ரெஸ்தெரோ அ காஸ’ (மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்) என்பதில் ‘மழை பெய்தால்’ என்னும் பகுதியும் எதிர்கால வினைமுற்றாகவே இருக்கிறது.

எதிர்கால வடிவத்தின் மிக வளமான வேலை, ஊகம். ‘ஸரான்னொ லெ த்ரே’ என்பதை ஆங்கிலத்தின் வழியாகக் கற்போர் ‘மூன்று மணி ஆகப்போகிறது’ என்று தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. அதன் சரியான பொருள், ‘இப்போது மணி மூன்று இருக்கும்’ என்பது. ‘அவ்ரா த்ரெந்தான்னி’ என்றால் ‘அவனுக்கு முப்பது வயது இருக்கும்’. ‘ஸரா அ காஸ’ என்றால் ‘இந்நேரம் வீட்டில் இருப்பான்’. நிகழ்காலத்தைப் பற்றிய ஊகத்திற்கு எதிர்கால வினைமுற்றையே இரு மொழிகளும் பயன்படுத்துகின்றன. ஆகவே தமிழ் வழியாகக் கற்பவருக்கு இங்கே விதியே தேவைப்படாது. ‘வெத்ரேமொ’ என்று இத்தாலியர் ஒரு பேச்சை முடிக்கும்போது, நாம் ‘பார்ப்போம்’ என்று பிடிகொடுக்காமல் சொல்லும் அதே தொனிதான் ஒலிக்கிறது.

முடிந்துபோன செயலைப் பற்றிய ஊகத்திலும் இந்த ஒப்புமை தொடர்கிறது. ‘ஸரா பர்தீதொ’ என்பதில் ‘பர்தீதொ’ புறப்பட்ட நிலையைக் குறிக்க, ‘ஸரா’ என்னும் ‘இரு’ வினை எதிர்காலத்தில் நிற்கிறது. தமிழில் ‘புறப்பட்டிருப்பான்’ என்பதை உறுப்பு உறுப்பாகப் பிரித்தாலும் இதுவே கிடைக்கும்.

செய்தி மொழியில் இரண்டு பொறிகள்

1. ‘வெர்ரா’ என்பது எப்போதும் ‘வருவான்’ அன்று. செய்திகளில் ‘வெர்ரா எலேத்தொ’ என்று கண்டால், ‘தேர்ந்தெடுக்கப்படுவார்’ என்று பொருள் கொள்ள வேண்டும். ‘வா’ என்னும் வினை அங்கே நமது ‘படு’ செய்யும் வேலையைச் செய்கிறது. அதுபோலவே ‘அந்த்ரா ரிவீஸ்தொ’ என்பதில் யாரும் எங்கும் போவதில்லை. ‘மறுபடி ஆராயப்பட வேண்டியிருக்கும்’ என்று கட்டாயத்தைச் சொல்கிறது. ஊரடங்கு வாசகத்தின் ‘அந்த்ரா’ போக்கையும், இந்த ‘அந்த்ரா’ கடமையையும் குறிப்பதை அடுத்து வரும் சொல்லே காட்டிக்கொடுக்கும்.

2. ‘ஸரா’ வேறு, ‘ஸரேப்பெ’ வேறு. இரண்டும் ஒரே பகுதியில் பிறந்தவை; பின்னது, மேலே கண்ட நிபந்தனை வடிவம். ஒருவர் ‘ஸரா மலாதொ’ என்றால், ‘நோயுற்றிருப்பார்’ என்று தாமே ஊகிக்கிறார். நாளேடு ‘ஸரேப்பெ மலாதொ’ என்று எழுதினால், பிறர் சொன்னதைத் தான் உறுதிசெய்யாமல் எடுத்துரைக்கிறது. தமிழில் அதன் நேர்வடிவம் ‘நோயுற்றிருக்கிறாராம்’ என்பது. ஈற்றிலுள்ள அந்த ‘ஆம்’ சுமக்கும் பொறுப்புத் துறப்பு முழுவதையும் இத்தாலியில் ஒரு பின்னொட்டு சுமக்கிறது. அதைச் சாதாரண எதிர்காலமாகவோ உறுதிச் செய்தியாகவோ மொழிபெயர்த்துவிட்டால், வதந்தி ஒன்று உண்மைச் செய்தியாகக் கரையேறிவிடும்.